கைநாட்டு வாசகர்கள்

எங்கள் ஊர் வாசகசாலைப் புத்தகங்களை நானும் தையல்கார பாயும் சேர்ந்து களவாடிவிட்டோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் அந்த வாசகசாலையின் தலைவர். பட்டப்பகலில், சந்தை நடுவில், அலமாரியிலிருந்த அத்தனை புத்தகங்களையும் ஒரே நாளில் நாங்கள் வெளியே அனுப்பியது உண்மை. அதில் ஒன்றைக்கூட எங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதனால் முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன்.

பாப்பாரப்பட்டிக்கு இரண்டு மைல் இந்தப் பக்கம் எங்கள் ஊர். வாரத்துக்கு ஒரு நாள் சந்தை கூடும். நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து வண்டிகள் வரும். வத்தல்மலையிலிருந்து சாமையும் தேனும் தலைச்சுமையாக இறங்கும். சந்தைத் திடலை ஒட்டியிருந்த பழைய புளிக் கிடங்குதான் வாசகசாலை. கிடங்கு பிரசிடெண்டுடையது. பஞ்சாயத்து போர்டுக்கும் அவர்தான் பிரசிடெண்டு, வாசகசாலைக்கும் அவர்தான் தலைவர், புளி மண்டிக்கும் அவர்தான் முதலாளி. அவரைப் பார்க்கப் போகிறவன் எந்த வேலையாகப் போகிறான் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிடங்கை அவர் சும்மாதான் கொடுத்தார், அலமாரியும் கொடுத்தார். அதை நான் மறைக்கவில்லை. புத்தகங்கள் மட்டும் வீடு வீடாகக் கேட்டு நாங்கள் சேர்த்தவை. கிடங்குத் தரையில் பல வருஷத்துப் புளி ஊறிக் கிடந்தது. மழைக்காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் வேட்டி எங்களோடு எழுந்து வராது.

தொண்டர்கள் என்று நாங்கள் எங்களைச் சொல்லிக்கொண்டோம். ஊர் எங்களை வேலையத்தவங்க என்றது. நாங்கள் என்றால் இரண்டே பேர். நான் எட்டாம் வகுப்பு தேறியவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். அப்பா கிணறு வெட்டுகிறவர். பாறையைத் தட்டிப் பார்த்தே எங்கே வெடிமருந்து வைக்கலாம் என்று சொல்லிவிடுவார். ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தால் எது தலை எது கால் என்று தெரியாது. இன்னொருவன் பாய். சந்தை முனையில் அவன் அப்பாவோடு தையல் மிஷின் போட்டிருந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், நாலாவது வரைக்கும் படித்தவன். என்னை மாப்ள என்பான்.

புத்தகங்களுக்கு உறை போடக் காகிதம் கிடைக்காத யுத்த காலம். பாய் கடையில் விழுந்த வெட்டுத்துணிகளை எடுத்து ஒவ்வொரு புத்தகத்துக்கும் சட்டை தைத்துப் போட்டான். பச்சைச் சீட்டி, நீலக் கட்டம், காக்கி, பூப்போட்ட ரவிக்கைத் துணி. துணிக்குக் கன்ட்ரோல் வந்து ஊரே கந்தலாகத் திரிந்த நேரம் அது. அலமாரியைப் பார்த்துவிட்டு வண்டிக்காரர் ஒருவர், "எம் புள்ளைக்கு இல்லாத சட்டைய பொஸ்தகத்துக்கு மாட்டி வெச்சிருக்கறானுங்க பாரு" என்றார். ஆனால் அந்தச் சட்டைகளால் ஒரு நன்மை வந்தது. தலைப்பைப் படிக்கத் தெரியாதவர்களும் புத்தகத்தை அடையாளம் கண்டார்கள். "அந்த நீலக் கட்டம் வந்துடுச்சா?" என்று சந்தைக்கு வருகிறபோதே கேட்பார்கள்.

படிக்கத் தெரியாதவர்கள் எதற்குப் புத்தகம் கேட்டார்கள்? எல்லாத் தகராறுக்கும் அதுதான் வேர்.

சந்தை நாளில் நாங்கள் கிடங்கு வாசலில் நின்று பத்திரிகையை உரக்கப் படிப்போம். சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும் பத்திரிகை. இரண்டு நாள் பழையது. யுத்தச் செய்தி, மழைச் செய்தி, கடைசியில் சேலம் மார்க்கெட் விலை. ஒரு நாள் படித்து முடித்ததும் அவரைக்காய் விற்கும் அம்மா ஒருவர் கூடையை இடுப்பில் வைத்தபடியே உள்ளே வந்தார். அலமாரியைச் சுட்டிக்காட்டி, "எனக்கும் ஒண்ணு குடு கண்ணு" என்றார்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுங்களா?" என்றேன்.

"எனக்குத் தெரியாது. எம் மருமவளுக்குத் தெரியும். கிருஷ்ணகிரில மூணாவது படிச்சவ. எம் மவன் பட்டாளத்துக்குப் போயிட்டான். அவ லெட்டரு எப்ப வரும்னு தெருவையே பாத்துட்டு உக்காந்திருக்கறா. வந்த லெட்டரையே படிச்சுப் படிச்சு அது கிழிஞ்சே போச்சு. வேற எதாச்சும் குடுத்தா படிப்பா."

"அப்ப அவங்களையே வந்து மெம்பராகச் சொல்லுங்க. கையெழுத்துப் போடணும்."

"அவ சந்தைக்கெல்லாம் வரமாட்டா. நான் வெக்கறேன் கைநாட்டு."

நான் தயங்கினேன். மெம்பர் புத்தகத்தில் கையெழுத்து என்றுதான் கட்டம் போட்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையைக் கீழே இறக்கினார்.

"ஏன் கண்ணு, ரேஷன் கடையில சீமெண்ணெய்க்கு நான்தான் கைநாட்டு வெக்கறேன். அந்த சீமெண்ணெயில எரியற வெளக்குல நான் ஒருத்தியா உக்காந்துக்கறேன்? வூடே உக்காந்துக்குது. இதுவும் அப்படித்தான? வாங்கறவ நானு, படிக்கறவ அவ."

பாய் சிரித்துவிட்டான். "மாப்ள, இதுக்குப் பதில் உங்க எட்டாங்கிளாசுல இருந்தா சொல்லு."

விரல் தோய்க்கிற மை ஒத்தியை நீட்டினேன்.

அடுத்த சந்தைக்கு நாலு பேர் வந்தார்கள். பிறகு சந்தைக்குச் சந்தை வந்தார்கள். ஒருவருக்கு மச்சினன் படிப்பான், ஒருவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண். ஒரு தெலுங்குக் குடும்பத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் படித்துவிட்டுத் தெலுங்கில் சொல்ல வேண்டும், அதற்குள் மற்றவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்களாம். அவரைக்காய் அம்மா பதினைந்து நாள் கெடு முடியும் நாளில் தவறாமல் வருவார். "மருமவ படிக்கறப்போ அடுப்ப நான் பாத்துக்கறேன். என்ன பண்றது, ராசாமாருங்க கதைய பாதியில நிறுத்திட்டுக் களி கிண்டச் சொன்னா எனக்கே மனசு வரல" என்று மாமியார்க்காரி பெருமையோடு சலித்துக்கொள்வார். ஒரு வருஷத்துக்குள் எங்கள் மெம்பர் புத்தகத்தில் கையெழுத்துகளைவிடக் கட்டைவிரல்கள் அதிகமாகிவிட்டன.

இது பிரசிடெண்டுக்குத் தெரியாது. அவர் வாசகசாலைக்குள் வருவது சரஸ்வதி பூஜைக்கு மட்டும்தான். சேலத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் எங்கள் வாசகசாலையைப் பார்க்க வரப்போகிறார் என்று கடிதம் வந்தபோதுதான் மெம்பர் புத்தகத்தை மண்டிக்கு எடுத்துவரச் சொன்னார். நானும் பாயும் எடுத்துப் போனோம். அவர் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மாறியது.

"என்னடா இது? வாசகசாலை நடத்தறீங்களா, பத்திர ஆபீசு நடத்தறீங்களா?"

"படிக்கத் தெரியாதவங்களும் வாங்கறாங்க. வூட்டுல யாராச்சும் படிக்கறாங்க" என்றேன்.

"வர்றவரு இதப் பாத்தா என்ன நெனப்பாரு? ஊரே தற்குறின்னு நெனக்கமாட்டாரு? கைநாட்டுக்காரன் கையில பொஸ்தகம், குரங்கு கையில பூமாலை. அடுத்த சந்தைக்குள்ள இந்தப் பேரெல்லாம் அடிச்சிடணும். கையெழுத்துப் போடறவன் மட்டும் மெம்பரு."

"ரூல்ஸுல அப்படி இல்லீங்களே" என்றான் பாய். விதிகளை நாங்கள் எழுதிப் பிரசிடெண்டுதான் கையெழுத்திட்டிருந்தார். ஊரில் வயது வந்த யாரும் மெம்பராகலாம், ஒரு மெம்பர் இரண்டு புத்தகம் வரை எடுக்கலாம், பதினைந்து நாள் கெடு. அவ்வளவுதான் விதி.

"ரூல்ஸ் என்னோட கிடங்குலதான இருக்குது? அடிக்கலன்னா சந்தைக்கு மறுநாள் பூட்டுப் போட்டுருவேன். பொஸ்தகம் கரையானுக்குப் போவட்டும்."

பிறகு என்னை மட்டும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உன் சர்டிபிகேட் எங்கிட்டதான்டா இருக்குது. மறந்துடாத."

மறக்கக்கூடிய விஷயமா அது? வாத்தியார் வேலைக்கான டிரெயினிங் ஸ்கூலுக்கு நான் மனுப் போட்டிருந்தேன். நன்னடத்தைச் சான்று என்று ஒரு தாள். அதில் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அந்தத் தாளைப் பத்து நாள் முன்பே அவரிடம் கொடுத்திருந்தேன். நான் வாத்தியாராகிவிட்டால் அப்பா அறுபது அடிக் கிணற்றில் கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டியதில்லை. வெடித்த கல் தெறித்து அவருடைய இடது காது ஏற்கெனவே கேட்காமல் போயிருந்தது. அந்தத் தாளை நினைத்துத்தான் எங்கள் வீட்டில் அப்போது எல்லோரும் தூங்கினோம், எழுந்தோம்.

மண்டியை விட்டு வெளியே வந்ததும் பாய் சொன்னான்: "கைநாட்டு இல்ல மாப்ள அவருக்குக் கோவம். வெலை."

"என்ன வெலை?"

"வாராவாரம் சேலத்துப் புளி வெலையப் படிக்கறமில்ல. போன மாசம் மலைக்காரங்க மூணு பேரு அவரு சொன்ன வெலைக்குப் போடாம மூட்டையத் திருப்பி எடுத்துட்டுப் போனாங்க. அந்த மூணு பேரும் நம்ம மெம்பரு. பேர அடிச்சுட்டா உள்ள வரமாட்டாங்க, வரலன்னா கேக்கமாட்டாங்க."

பாய்க்கு வாய் கொஞ்சம் அதிகம் என்பதால் அதை நான் உடனே நம்பவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம் வந்தது. என் அப்பாவும் கைநாட்டுதான். என் அம்மாவும் கைநாட்டுதான். அந்த இரண்டு கட்டைவிரல்கள்தான் என்னை எட்டாவது வரை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின. இவர்கள் பேரை அடித்துவிட்டு நான் எந்த ஊரில் போய் எந்தப் பிள்ளைக்கு 'அ' எழுதிக் காட்டுவது?

யோசனை சொன்னது பாய்தான். "பேர அடிக்க வேணாம். பூட்ட வேணாம்னும் கெஞ்ச வேணாம். அவரு பூட்டறப்போ உள்ள பொஸ்தகம் இருந்தாதான? சந்தையன்னிக்கு மொத்தத்தையும் ரூல்ஸ்படி குடுத்து அனுப்பிருவோம். ஆளுக்கு ரெண்டு. அலமாரிய அவரு வெச்சுக்கட்டும், அவரோடதுதான."

சந்தை நாளில் காலையிலேயே புத்தகங்களைக் கிடங்கு வாசலில் அடுக்கினோம். நான் எப்போதும் போலப் பத்திரிகை படித்தேன். புளி விலையை வேண்டுமென்றே இரண்டு முறை படித்தேன். பிறகு சொன்னேன்: "நாளைக்கு இந்த வாசகசாலையப் பூட்டப் போறாங்க. கைநாட்டு வெக்கறவங்களுக்கு இனிமே பொஸ்தகம் இல்லைன்னு சொல்றாங்க. இன்னிக்கு இருக்குது. வேணுங்கறவங்க வந்து வாங்கிக்கங்க. பதினஞ்சு நாள் உங்ககிட்ட இருக்கும், அது உங்க பொறுப்பு. பக்கத்து வூட்டுக்காரங்க கேட்டா குடுக்கணும்."

முதலில் யாரும் அசையவில்லை. அவரைக்காய் அம்மாதான் முன்னால் வந்தார். கூடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "பெருசாப் பாத்துக் குடு கண்ணு. மருமவ பொசுக்குனு படிச்சு முடிச்சுடறா" என்றார். கடல் பயணக் கதை ஒன்றைக் கொடுத்தேன். காக்கித் துணி போட்டது. அவருக்குப் பின்னால் வரிசை வந்தது. மெம்பராக இல்லாதவர்களும் அன்று மெம்பரானார்கள். பாய் பெயர் எழுதினான், நான் விரல் பிடித்து வைத்தேன்.

பாதி புத்தகம்கூடப் போகவில்லை, மை ஒத்தி வறண்டுவிட்டது. யுத்தத்தில் வேறு மை எங்கே கிடைக்கும்? தண்ணீர் விட்டுப் பார்த்தோம். சாம்பல் கரைத்தது போல் வந்தது. அப்போது பாய் சுற்றிலும் நின்ற வண்டிகளைப் பார்த்தான். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் அச்சுக்குப் போடுகிற மை மூங்கில் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை.

"இதவிடக் கறுப்பு ஒலகத்துல உண்டா மாப்ள?"

இல்லைதான். ரேகை ஒவ்வொன்றும் கல்லில் வெட்டியது போல் விழுந்தது. எங்கள் புத்திசாலித்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். வண்டிக்காரர்கள் போட்டி போட்டுக் குழாயை நீட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் அலமாரி காலி. மறுநாள் காலையில் பிரசிடெண்டின் ஆள் வந்து பூட்டியது காலிக் கிடங்கை.

அன்று மத்தியானம் மெம்பர் புத்தகத்தைத் திறந்தேன். திறக்க வரவில்லை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் விளக்கெண்ணெய் ஊறி, ஒரு பக்கத்து விரல் ஏழு பக்கத்துக்குப் பரவி, பாய் எழுதிய பெயர்கள் மேலெல்லாம் கரி பூசியிருந்தது. யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். கோடை வெயிலில் கிணறு வெட்டி, தண்ணீர் வந்த மறுநாள் அதில் மண் சரிந்தால் எப்படி இருக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்படி இருந்தது.

இரண்டாம் நாள் போலீஸ் மனுவைப் பற்றித் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த பொஸ்தகத்த எல்லாம் ஊருக்குக் குடுத்தியே, அந்த ஒரு தாள வாங்கிட்டு அப்பறம் குடுத்திருக்கக் கூடாதா?"

"வாங்கிட்டுக் குடுத்திருந்தா அது ஏமாத்துங்கப்பா."

"ஏமாத்துனாதான்டா என்ன, அவன்கிட்டத்தான?" என்றார். அதற்குமேல் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஒரு தாளு போச்சுன்னு கவலப்படறவருக்கு, புள்ள பேரு ஸ்டேஷன்ல இருக்கறது தெரியலயாட்டம் இருக்குது, தூங்கறாரு பாரு" என்று அவருக்குக் கேட்கிற காதுப் பக்கமாகச் சொன்னாள். அவர் தூங்கவில்லை.

அடுத்த சந்தைக்குச் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். திடலிலிருந்த புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் பிரசிடெண்டு. என்னையும் பாயையும் எதிரில் நிறுத்தினார்கள். "பொஸ்தகமெல்லாம் எங்கடா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"மெம்பருங்ககிட்ட இருக்குதுங்க."

"எந்த மெம்பரு?"

ரிஜிஸ்டரை நீட்டினேன். வேறு என்ன செய்ய? அவர் பிரித்தார். தாள் கிழிந்தது. விரலில் ஒட்டிய கரியை முகர்ந்து பார்த்தார்.

"இது ரிஜிஸ்டரா, தோசைக்கல்லா?"

பிரசிடெண்டு சிரித்தார். "பாத்தீங்களா? கணக்கு கேட்டா கரியக் காட்டறானுங்க. பாதிய தர்மபுரியில எடைக்குப் போட்டிருப்பானுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து சந்தையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வாசகசாலை பொஸ்தகம் யாரு வெச்சிருக்கறீங்க? முன்னால வாங்க!"

ஒருவரும் வரவில்லை. வருவார்களா? போலீஸ் தேடுகிறது என்ற பேச்சு முந்தின நாளே பரவிவிட்டது. புத்தகங்கள் ராகிக் குழிக்குள்ளும் நெற்குதிருக்குள்ளும் போய்விட்டன என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். காய் விலை கேட்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. எனக்கு எதிரிலிருந்த வண்டிக்காரர், தன் குழாய் மையைக் கொடுத்தவர், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டேஷனுக்குப் போய் வந்த முதுகுகள் எங்கள் ஊரில் உண்டு.

"யாருமில்ல" என்றார் பிரசிடெண்டு. "எழுதிக்குங்க."

"நான் இருக்கறேன்" என்று அவரைக்காய்ப் பக்கமிருந்து குரல் வந்தது. அந்த அம்மா எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மரத்தடிக்கு வந்தார். "எங்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க எசமாங்க. காக்கி போட்டது."

"எப்படி உங்கிட்ட வந்தது?"

"கைநாட்டு வெச்சு வாங்கினேன். அந்தத் தம்பிதான் வெரலப் புடிச்சுது."

"கொண்டாந்து ஒப்படை."

"முடியாதுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் பிரசிடெண்டைப் பார்த்தார். பிரசிடெண்டு அந்த அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, என்ன முடியாது?"

"கெடு பதினஞ்சு நாளுங்க. இன்னியோட ஏழு. இன்னும் எட்டு நாள் அது என் பொஸ்தகம். கப்பலு நடுக்கடல்ல நிக்குது, புயலடிக்குது, மருமவ இன்னும் கரை சேக்கல. இப்பப் புடுங்கிட்டுப் போனா அந்தப் பொண்ணு எட்டு நாளும் என்னைத் தூங்க வுடுவாளா? கெடு முடியட்டும், நானே கொண்டாந்து தம்பி கையில தர்றேன். உங்க கையில தரமாட்டேன். உங்ககிட்டயா வாங்கினேன்?"

சந்தையில் எங்கோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு வரிசையாகப் பற்றிக்கொண்டது. சப்-இன்ஸ்பெக்டருக்கும் மீசை அசைந்தது.

"படிக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க. எங்கூட்டுக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு வத்தல்மலையிலிருந்து தேன் கொண்டுவருகிற ஒருவர் முன்னால் வந்தார். தலைப்பாகையை அவிழ்த்தார். உள்ளே துண்டில் சுற்றி, பச்சைச் சீட்டி போட்ட புத்தகம். மேலே மஞ்சள் பொட்டு. "நான் இன்னும் பிரிக்கலீங்க. படிக்கற மாப்ள தையிலதான் மலைக்கு வர்றான். அதுவரைக்கும் தவண வேணும்" என்றார். பிறகு வண்டிக்காரர் தரையிலிருந்து கண்ணை எடுத்தார். "எங்கிட்ட ரெண்டு." "எங்கூட்டுல மாட்டு வைத்தியம்." "நானும்தாங்க." ஒருவர் பின் ஒருவராகக் கைகள் உயர்ந்தன. எல்லார் கட்டைவிரல் நகத்திலும் வண்டி மையின் கரி இன்னும் போகாமல் இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் சிலர் விரலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரை மூடி என்னிடம் நீட்டினார்.

"வாங்கினவன் வாங்கினேங்கறான், குடுத்தவன் குடுத்தேங்கறான். இதுல களவு எங்கங்க இருக்குது?" என்று பிரசிடெண்டிடம் கேட்டுவிட்டு, "டேய், இனிமே மையாச்சும் நல்லதாப் பாத்து வாங்குங்கடா" என்று எங்களிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

கெடு முடிகிற வாரத்துச் சந்தையில் புத்தகங்கள் வந்தன. எல்லாம் வந்தன என்று சொன்னால் பொய். ஒன்றை ஆடு தின்றுவிட்டது. ஒன்றின் சட்டை மட்டும் வந்தது. ஒன்றின் சட்டை போய்ப் புத்தகம் மட்டும் வந்தது. அந்தச் சீட்டித் துணியை ஒரு குழந்தை போட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன், கேட்கவில்லை. வந்தவற்றை வைக்க இடம் இல்லாததால் மரத்தடியிலேயே கைமாற்றிக் கொடுத்தோம். ஒருவர் கொண்டுவந்ததை அடுத்தவர் எடுத்துப் போனார். வாசகசாலைக்கு வீடு இல்லாமல் போனது. ஊரில் பல வீடுகளில் வாசகசாலை வந்தது. காளியம்மன் கோயில் தெருவில் எந்த வீட்டில் என்ன புத்தகம் என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

ஒரு மாதம் கழித்துப் பிரசிடெண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மண்டியில் மெத்தையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் என் நன்னடத்தைச் சான்று. கையெழுத்து இன்னும் விழவில்லை. பக்கத்தில் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"சேலத்துக்காரரு வர்றாரு, அடுத்த மாசம். கிடங்கத் தெறந்துடறேன். வெள்ளையடிச்சுத் தர்றேன். ரெண்டு பெஞ்சு போடறேன். இதுல இப்பவே கையெழுத்தும் போடறேன்."

"பதிலுக்கு நான் என்ன செய்யணுங்க?" என்றேன்.

"கைநாட்டுக்காரங்க மெம்பரு இல்லைன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடு. ஒரே வரி. அவங்க வந்து கேட்டுட்டுப் போவட்டும், நான் வேணாங்கல. மெம்பருன்னு மட்டும் வேணாம். உங்கப்பன் எத்தன நாளுக்குடா கெணத்துல எறங்குவான்?"

அந்தக் கடைசிக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டாம். கேட்கும்வரை எனக்குக் கொஞ்சம் ஆட்டம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரே வரி, நான் எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அப்பாவின் கஷ்டத்தைக் காட்டியே அப்பா போன்றவர்களின் பேரை அடிக்கச் சொல்கிறார் இந்த மனிதர் என்று தெரிந்ததும் அந்த ஆட்டம் நின்றுவிட்டது.

"எழுத மாட்டேங்க."

"சீட்டு போயிரும்டா."

"போவட்டுங்க. அவங்க எல்லாரும் மெம்பருதாங்க. உங்க கிடங்கு இல்லாமயே மெம்பருங்க. சேலத்துக்காரரு வந்தா மரத்தடிக்கு அனுப்புங்க, நாங்க காட்டறோம்."

அவர் பேனாவை மூடினார். மூடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் கும்பிடு போடாமல் வெளியே வந்தேன். அதுவரை அவர் முன்னால் கும்பிடாமல் திரும்பியதில்லை. சேலத்துக்காரர் வரவே இல்லை. யுத்த வேலையாம்.

இந்த வருஷம் டிரெயினிங் வகுப்பு நான் இல்லாமல் தொடங்கியது. நான் அப்பாவோடு கிணற்றில் இறங்கினேன். கூடையில் கல் அள்ளிக் கொடுப்பது என் வேலை. முதல் வாரம் கை முழுக்கக் கொப்புளம். அப்பா பார்த்துவிட்டு அடுத்த கூடையை நீட்டினார். வேலை விஷயம் தவிர வேறு எதுவும் எங்களுக்குள் இன்னும் பேச்சில்லை. அடுத்த வருஷமும் மனுப் போடுவேன். அந்தத் தாளில் வேறொரு பிரசிடெண்டு கையெழுத்துப் போடுவார், அல்லது இவரே போட வேண்டிவரும். எனக்கு அவசரமில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, சந்தை நாளில் மட்டும் நான் இறங்க மாட்டேன், மரத்தடியில் இருப்பேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"கூலியப் புடிப்பாங்கடா" என்றார்.

"புடிக்கட்டும்" என்றேன்.